இசைக்காணொளியிற் கூற்றும் கேட்போரும்

பாட்டு செவிக்குரியது, கூத்து கண்ணுக்குரியது. இவ்விரண்டும் ஒருங்கு நிகழும் அரங்கினைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் அமைதிகளை முறையே கூறி, அரங்கின் அளவினையும் கூறி, அதன் பின்னரே மாதவியின் ஆடலைக் காட்டுகின்றது. அவ்வரங்கின் முன் இருந்தோர் தத்தம் இருக்கையினின்றே ஆடலைக் கண்டனர். அரசன் கண்டதும் கடைவரிசையில் இருந்தோன் கண்டதும் ஒன்றாயிரா. ஆயினும், எவருடைய இருக்கையையும் எவரும் இடைநடுவே மாற்றினார் அல்லர்.

இக்காலத்து இசைக்காணொளியில் அவ்வறுவரோடு ஏழாமவன் ஒருவன் சேர்ந்துள்ளான். அவன் காமிராவை இயக்குவோன். காண்போனைப் பாடுவோன் முகத்தருகே கொண்டுபோய் நிறுத்துவதும், தெருவின் மறுகோடிக்கு விலக்குவதும், ஓடும் தொடர்வண்டியின் சாளரத்தருகே இருத்துவதும் அவன் தொழில்கள். இத்தொழில்கள் பாட்டின் பொருளை எவ்வாறு ஆக்குகின்றன என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

இசைக்காணொளி என்பது யாது? முன்னரே பதிவு செய்து முடிந்த ஒரு பாட்டிற்குப் பின்னர்க் காட்சி அமைக்கும் சிறு படம் என ஒருவாறு கூறலாம். குரல் முந்தியது, உருவம் பிந்தியது. 1981 ஆகத்து 1ஆம் நாள் அமெரிக்காவில் எம்டிவி என்னும் தொலைக்காட்சி இதற்கெனவே தோன்றிற்று. அது முதலில் ஒளிபரப்பியது பக்கிள்ஸ் குழுவினரின் ‘வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்’ என்னும் பாட்டாகும். ரசல் மல்கேகி 1979இல் இயக்கிய படம் அது. வானொலிப் பாடகனைக் காணொளி கொன்றது என்னும் பொருளுடைய அத்தலைப்பே இத்துறையின் தொடக்கத்தில் எழுந்த ஐயத்தைப் புலப்படுத்துகின்றது. அவ்வையம் வெறும் விளையாட்டன்று. அதற்கு விடை காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

இருவகைக் கருத்துகள்

காமிரா உத்திகளைப் பற்றிப் பொதுவாக வழங்கும் கருத்துகள் இரண்டு. அவை பாட்டிற்கு இட்ட அணிகள் என்பது ஒன்று. அவை கேட்போனின் கற்பனையைக் கட்டிப்போடும் தளைகள் என்பது மற்றொன்று. முதற்கருத்துடையோர் அண்மைக்காட்சி இத்தனை, சேய்மைக்காட்சி இத்தனை, ஒரு நிமிடத்தில் வெட்டு இத்தனை என எண்ணிப் பட்டியல் இடுவர். இரண்டாங் கருத்துடையோர் காட்சியை விலக்கிப் பாட்டின் சொற்களை மட்டும் எழுத்திற் பெயர்த்துவைத்து ஆராய்வர். நம் பல்கலைக்கழகங்களில் இசைப்பாடல் குறித்து எழும் ஆய்வேடுகளுட் பல இவ்விரண்டினுள் ஒன்றில் அடங்கிவிடும்.

இரண்டும் குறையுடையன என்பது நம் கருத்து. எண்ணிக்கை உத்தியின் அளவைக் கூறுமேயன்றி அதன் பயனைக் கூறாது. சொல்லை மட்டும் ஆராய்வோர், அச்சொல்லை யார் யாரிடம் கூறுகின்றார் என்பதைக் காட்சியே முடிவு செய்யும் இடங்களிற் பொருளையே இழந்துவிடுவர்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைக் கூறும். அவற்றுட் கூற்று, கேட்போர், களன், காலம் என்பன அடுத்தடுத்து நிற்பன. பின்னே ‘முன்னம்’ என்னும் உறுப்பும் வருகின்றது. இன்ன இடத்தில் இன்ன மொழி இன்னார் இன்னார்க்கு உரியது என்று கற்போன் உய்த்துணருமாறு செய்யுள் அமைந்து கிடத்தலே முன்னம் எனப்படும். அகப்பாட்டில், பேசுவோள் தலைவியா தோழியா, கேட்போன் தலைவனா பாங்கனா என்பதைப் பாட்டு வெளிப்படையாகக் கூறாது. கற்போனே உணர்ந்துகொள்ளுதல் வேண்டும். அதனை உணராதவன் சொற்பொருள் அனைத்தும் அறிந்தும் பாட்டை அறியாதவனே.

இசைக்காணொளியில் முன்னத்தின் தொழிலைக் காமிரா செய்கின்றது என்பதே நாம் நிறுவ விரும்புவது. தொல்காப்பியனார் காமிராவை முன்னறிந்து கூறினார் என்பது எம் கருத்தன்று. அவ்வாறு கூறுதல் ஆராய்ச்சியும் ஆகாது. பேசுவோர் யார், கேட்போர் யார் என்னும் வினா பாட்டுக்கலைக்கே உரிய வினா. அதற்கு ஏட்டுச்செய்யுள் ஒருவகையாலும் காணொளி மற்றொரு வகையாலும் விடை கூறுகின்றன. அவ்வளவே நாம் கொள்வது.

முன்னிலைக் காட்சி

பாடுவோன் காமிராவின் கண்ணாடியை நேர்நோக்கும்போது காண்போன் முன்னிலை ஆகின்றான். இதுவே இத்துறையில் மிகப் பரவலான முறை. ஆயின், நேர்நோக்கு அனைத்தும் ஒருதன்மையன அல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

1965இல் இலண்டன் சவாய் ஓட்டலை ஒட்டிய சந்து ஒன்றிற் பென்னிபேக்கர் பாப் டிலனைப் படம் எடுத்தார். ‘சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்’ என்னும் பாட்டிற்குரிய அக்காட்சி, 1967இல் வெளிவந்த ‘டோன்ட் லுக் பேக்’ என்னும் ஆவணப்படத்தின் முகப்பாக அமைந்தது. காமிரா அசையவில்லை, வெட்டு ஒன்றும் இல்லை. டிலன் கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு, பாட்டிலுள்ள சில சொற்கள் எழுதப்பட்ட அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போடுகின்றார். அவர் வாய் பாடவில்லை. குரல் ஒருபுறம் விரைந்து ஓடுகின்றது. அட்டைகள் அதனைத் துரத்துகின்றன. சில அட்டைகளில் எழுத்தும் வேண்டுமென்றே பிறழ எழுதப்பட்டுள்ளது. பின்புறத்தில் ஆலன் கின்சுபர்க் என்னும் கவிஞர் நின்று உரையாடிக்கொண்டிருக்கின்றார்.

ஈண்டு நோக்கற்பாலது யாது? பாடுவோன் நம்மை நோக்குகின்றான். ஆயினும் நம்மிடம் பாடவில்லை. குரலின் உரிமை அவனுடையதே என்று ஒப்புக்கொண்டு, வாயை மட்டும் தரமறுக்கின்றான். கேட்போனாகிய நாம் படிப்போனாக மாற்றப்படுகின்றோம். விரைந்து பாயும் சொற்களைப் பிடிக்க முயன்று தோற்பதே அப்பாட்டு நமக்கு வைத்த நிலை. அசையாத காமிரா அத்தோல்வியை மிகுவிக்கின்றது. அது சற்றே அசைந்திருப்பினும் நம் கண் அட்டையை விட்டு வேறிடம் சென்றிருக்கும்.

மற்றொரு சான்று 1990இல் வெளிவந்த ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ என்பதாகும். பாடியவர் ஐரிசுப் பாடகி ஷினேட் ஓகானர். இயக்கியவர் ஜான் மேபரி. பாரிசு நகரத்தை அடுத்த பூங்கா ஒன்றில் அவர் நடக்கும் காட்சிகள் இடையிடையே வருகின்றன. எஞ்சிய பெரும்பகுதி முழுவதும் கரிய பின்புலத்தில் அவருடைய முகம் மட்டுமே. திரைத்தொழிலார் ‘குளோசப்’ என்று வழங்கும் அண்மைக்காட்சி, பிற படங்களில் ஓரிரு நொடி வந்து மறையும். ஈண்டு அது நிலைத்து நிற்கின்றது. முகத்திற்கு அப்பால் நோக்குதற்கு ஒன்றும் இல்லாமையின், இமையின் அசைவும் நிகழ்ச்சி ஆகின்றது.

அப்பாட்டு பிரிந்துபோன ஒருவரை முன்னிலைப்படுத்திப் பாடுவது. அம்முன்னிலையின் இடத்தில் காமிரா நம்மை நிறுத்துகின்றது. பாட்டின் இறுதிப்பகுதியில், தாயைக் குறிக்கும் சொல் வரும் இடத்திற் கண்ணீர் வழிகின்றது. அக்கண்ணீர் வரவழைத்ததன்று என்றும், மறைந்த தம் தாயை நினைந்தமையால் வந்தது என்றும் அவரே பின்னாளிற் கூறியுள்ளார். அவ்வாறாயின், கூற்று ஒன்றாகவே இருக்கக் கேட்போர் இடையில் மாறிவிட்டார். காதலனிடம் கூறத்தொடங்கிய மொழி தாயிடம் சென்று முடிகின்றது. அச்செய்தியை அறியாதவனும், அக்கண்கள் அந்நொடியில் தன்னைக் காணவில்லை என்பதைக் காண்பான். அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. காதலின் பிரிவு இழவாக மாறும் அவ்விடத்தைக் காட்டுதற்கு அசையாது நின்ற அண்மைக்காட்சியன்றி வேறு உத்தி உதவாது. வெட்டு ஒன்று குறுக்கிட்டிருப்பின், அக்கண்ணீர் ஒப்பனை என்று ஐயுற இடம் ஏற்பட்டிருக்கும்.

கேட்போர் இல்லாக் கூற்று

அகத்திணையில் நெஞ்சொடு கிளத்தல் என ஒருவகை உண்டு. கேட்போர் பிறர் இன்றித் தன் நெஞ்சையே முன்னிலையாக்கிப் பேசுவது அது. இதற்கு இணையான காட்சிமுறை ஒன்று 1991இல் தோன்றிற்று. மாசிவ் அட்டாக் குழுவினரின் ‘அன்ஃபினிஷ்டு சிம்பதி’ என்னும் பாட்டிற்குப் பெய்லி வால்ஷ் இயக்கிய படமே அது. லாசு ஏஞ்சல்சு நகரத்து மேற்குப் பீக்கோ சாலையிற் பாடகி ஷாரா நெல்சன் நடந்து செல்கின்றார். படம் முழுவதும் வெட்டில்லாத ஒரே ஷாட். இயக்குவோன் தன் உடலிற் பூட்டிக்கொண்டு நடக்குமாறும், நடையின் அதிர்வு படத்தில் விழாதவாறும் அமைந்த ஸ்டெடிகேம் என்னும் கருவியால் அஃது எடுக்கப்பெற்றது.

தெருவிற் பலர் உளர். அவருட் குழுவினரும் இடையே வந்து போகின்றனர். பாடுபவளோ அவர்கள் எவரையும் பொருட்படுத்தாது நடக்கின்றாள். காமிரா அவளோடு உடன் செல்கின்றது. ஆயினும் அவளுக்குக் கேட்போன் ஆகவில்லை. கூட்டத்தின் நடுவே தனித்திருத்தல் என்பதை ஆயிரம் வெட்டுகளாற் சொல்ல முயன்றிருப்பினும், இவ்வளவு தெளிவு ஏற்பட்டிராது. ஏன் எனில், வெட்டும்போதெல்லாம் காண்போன் வேறிடம் சென்று மீள்கின்றான். வெட்டின்மையால் அவளுடைய தனிமையிலிருந்து அவனுக்கும் விடுதலை இல்லை.

செய்யுளுறுப்புகளுள் ‘மாட்டு’ என்பது அகன்றும் அணுகியும் கிடக்கும் பொருள்களைக் கொண்டுவந்து இயைத்து முடிப்பது. படத்தொகுப்பின் தொழிலும் ஏறக்குறைய அதுவே. மாட்டும் எச்சமும் இன்றியும் செய்யுள் நிற்கும் என்று தொல்காப்பியம் உடன்படுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரே ஷாட்டில் அமைந்த காணொளியை மாட்டில்லாச் செய்யுளோடு ஒருபுடை ஒப்பிடலாம். அதன் வலிமை இயைப்பில் இல்லை. இடையறாது ஓடும் ஓட்டத்தில் உள்ளது.

இதனோடு, 1997இல் தி வெர்வ் குழுவினரின் ‘பிட்டர் ஸ்வீட் சிம்பனி’ என்னும் பாட்டிற்கு வால்டர் ஸ்டெர்ன் அமைத்த படத்தை ஒப்புநோக்குதல் தகும். இலண்டன் ஆக்ஸ்டன் தெருவிற் ரிச்சர்டு ஆஷ்கிராப்ட் நடந்து வருகின்றார். எதிர்ப்படுவோர் மீது மோதுகின்றார், விலகிக்கொடார். முன்னைய படத்தின் வழிவந்தது இஃது என்பது கண்டோர்க்குத் தெற்றென விளங்கும். ஆயின் இதில் வெட்டுகள் உள. நெல்சனின் நடை பிறரை அறியாத நடை. ஆஷ்கிராப்டின் நடை பிறரை அறிந்தும் மதியாத நடை. மோதல் ஒவ்வொன்றும் தனி நிகழ்ச்சியாதலின் வெட்டு ஈண்டுப் பொருந்துகின்றது. முன்னதிற் புகுத்தியிருப்பின் குற்றமாகும் உத்தி பின்னதிற் குணமாகின்றது. ஆகவே, வெட்டு நன்று எனவோ ஒரே ஷாட் உயர்வு எனவோ பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. கூற்றின் இயல்பே உத்தியின் தகுதியை அளக்கும் கோல்.

களனும் காலமும்

பாடுவோன் உருவமே காட்டாது களனை மட்டும் காட்டிய படங்களும் உள. கெமிக்கல் பிரதர்ஸ் குழுவினரின் ‘ஸ்டார் கித்தார்’ என்னும் இசைக்கு 2002இல் மிஷெல் கோந்ரி அமைத்த படம் அத்தகையது. தொடர்வண்டியின் சாளரத்தினின்று காணும் காட்சியே படம் முழுவதும். கம்பங்களும் கட்டடங்களும் பாலங்களும் கடந்து செல்கின்றன. சிறிது நேரத்தில், முழவின் ஒவ்வோர் அடிக்கும் உரிய பொருள் ஒன்று சாளரத்தைக் கடப்பதை உணர்கின்றோம். ஓரொலி மீளும்போது அதற்குரிய கட்டடமும் மீள்கின்றது. தென்பிரான்சில் தொடர்வண்டியிலிருந்து எடுத்த காட்சிகளைக் கணிப்பொறியில் இவ்வாறு கோத்தனர்.

இப்படத்தில் காமிரா ஒருபோதும் திரும்புவதில்லை. வழிச்செல்வோன் சாளரத்தருகே இருந்து, கண்டதைக் காண்பதன்றி வேறு செய்ய இயலாத நிலை அது. கூற்றிற்கு உரியோர் இன்மையாற் களனே கூற்றை ஏற்றுக்கொள்கின்றது. அகப்பாட்டிற் கருப்பொருள் உரிப்பொருளைத் தாங்குவது போல, ஈண்டுக் கம்பமும் பாலமும் தாளத்தைத் தாங்குகின்றன. ஆயின் வேறுபாடு ஒன்று உண்டு. சங்கப்பாட்டின் கருப்பொருள் மாந்தர் உள்ளத்தைச் சுட்டும்; கோந்ரியின் களன் இசையையே சுட்டி அவ்வளவில் நின்றுவிடுகின்றது. வியப்பு உண்டு; மெய்ப்பாடுகளுள் அதுவும் ஒன்றே. அதற்கு மேல் அப்படம் செல்லவில்லை. செல்ல முயலவும் இல்லை. தன் எல்லையை அறிந்து நின்றமை அதன் சிறப்பு.

காலத்தை மாற்றும் உத்திக்குக் கோல்ட்பிளே குழுவினரின் படங்கள் இரண்டு ஏற்றனவாகும். 2000இல் வெளிவந்த ‘எல்லோ’ என்னும் பாட்டின் படத்தில் கிறிஸ் மார்ட்டின் இங்கிலாந்தின் இசுட்டட்லாந்து விரிகுடாக் கடற்கரையில் நம்மை நோக்கிப் பாடிக்கொண்டே நடக்கின்றார். ஒரே ஷாட். காமிராவை இயல்பினும் இருமடங்கு விரைவில் ஓட்டிப் படம் எடுத்துப் பின் இயல்பான விரைவில் காட்டினர். பாடுவோனும் பாட்டை இருமடங்கு விரைவில் வாயசைத்தார். எனவே திரையில் வாய் பாட்டோடு ஒத்துச் செல்கின்றது. ஆடையும் மயிரும் நடையும் பாதி விரைவில் நிகழ்கின்றன. மொழி நம் காலத்திலும், உடல் வேறொரு காலத்திலும் உள. காதல் வயப்பட்டோன் நிலை இஃது என்று எவரும் எழுதிக் காட்டவில்லை. காமிராவின் விரைவே அதனைக் கூறிவிட்டது.

2002இல் ஜேமி திரேவ்ஸ் இயக்கிய ‘த சயன்டிஸ்ட்’ என்னும் படமோ முழுவதும் பின்னோக்கி ஓடுவது. அதற்கென மார்ட்டின் பாட்டைத் தலைகீழாக வாயசைக்கப் பயின்றார். படம் அவர் தனித்துக் கிடக்கும் நிலையில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, வாகன விபத்து நிகழ்ந்த இடத்தை அடைந்து, அதற்கும் முந்திச் சென்று, உடனிருந்தவளோடு வண்டியிற் செல்லும் இன்பநிலையில் முடிகின்றது. தொடக்கத்திற்கே மீள வேண்டும் என்னும் பாட்டின் வேட்கை உலகியலில் நிறைவேறாதது. காமிரா அதனை நிறைவேற்றிக் காட்டுகின்றது. நிறைவேறியதைக் காணும்தோறும் நிறைவேறாமையே நமக்கு உறைக்கின்றது. இவ்வாறு உத்தி தன் வெற்றியாலேயே அவலத்தை விளைவித்தல் அரிதாக வாய்க்கும் பேறு.

உத்தியின் மிகுதி

உத்தி மிகுந்தவிடத்துப் பாட்டு குன்றும் என்பர். 1975இல் புரூசு கோவர்சு இயக்கிய குவீன் குழுவினரின் ‘பொகீமியன் ராப்சடி’ இக்கூற்றினை ஆராய்தற்கு ஏற்றது. அதன் நடுப்பகுதியில் முகங்கள் பலவாகப் பெருகித் தோன்றுகின்றன. பட்டைக் கண்ணாடி போன்ற லென்சினால் ஒரு முகத்தைப் பலவாக்கினர். காமிராவை அதன் படத்தையே காட்டும் திரையை நோக்கித் திருப்பி, முகம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறையுமாறு செய்தனர். கணிப்பொறி இன்றிக் கருவியிலேயே ஆக்கிய விந்தைகள் இவை. ஆனால் அவ்விடத்துப் பாட்டின் அமைப்பு யாது? மூவர் தம் குரல்களையே மீண்டும் மீண்டும் பதிந்து அடுக்கி, ஒரு பெருங்கூட்டம் பாடுவது போல் ஆக்கிய பகுதி அது. சில குரல் பலவாயினமை போலச் சில முகமும் பலவாயின. செவி கேட்டதைக் கண்ணும் கண்டது. பின்வந்தோர் பலர் இவ்வுத்தியை, குரல் பெருகாத பாட்டுகளிலும் கையாண்டனர். அவ்விடங்களில் அது வெற்றணியாக நின்றது.

1985இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய அ-ஹா குழுவினரின் ‘டேக் ஆன் மீ’ மற்றொரு சான்று. எடுத்த படத்தின் மீது சட்டகம் சட்டகமாகப் பென்சிலால் வரையும் ரோட்டோசுகோப்பு முறையில், ஏறத்தாழ 3000 சட்டகங்கள் 16 வாரங்களில் வரையப்பெற்றன. பாடுவோன் சித்திரக்கதையினுள் வாழ்பவன். அவனைப் படிக்கும் பெண் உண்மையுலகினள். கோட்டுருவம் ஈண்டு இருவரையும் பிரிக்கும் வேலியாகின்றது. தன்னை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டும் பாட்டில், வேண்டுவோனுக்கும் வேண்டப்படுவோளுக்கும் இடையே உள்ள தொலைவை அக்கோடே அளக்கின்றது. 3000 சட்டகங்களின் உழைப்பும் அவ்வொரு பொருளுக்கே செலவாயிற்று.

இதற்கு மறுதலையாக, உத்தியைக் கூடியவரை துறந்தோரும் உளர். 2006இல் ஓகே கோ குழுவினர் ‘ஹியர் இட் கோஸ் அகெயின்’ என்னும் பாட்டிற்கு அசையாத காமிராவின் முன் எட்டு நடைப்பொறிகளின் மீது ஆடினர். வெட்டில்லை, காட்சி மாற்றமும் இல்லை. காமிரா தன் தொழில்களையெல்லாம் விடுத்து, அரங்கின் முன் இருப்போனது பழைய இருக்கைக்கே மீண்டுவிட்டது. இடறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்னும் இடர் ஆடுவோர்க்கு இருந்தமையே காண்போர்க்குச் சுவையாயிற்று.

காமிராவையே துறந்த படமும் ஒன்று உண்டு. ரேடியோஹெட் குழுவினரின் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்னும் பாட்டிற்கு 2008இல் ஜேம்ஸ் பிராஸ்ட் அமைத்த படம் அது. ஒளியை வீசித் தொலைவை அளக்கும் கருவிகளால் தாம் யார்க்கின் முகத்தைப் புள்ளித்திரளாகப் பதிந்தனர். நம்மை நோக்கிப் பாடும் முகம் ஒன்று உண்டு. ஆயின் அது மணல் போற் சிதறுகின்றது. லென்சு இன்றியும் முன்னிலைக் காட்சி நிகழ்ந்தமையால், கேட்போரை அமைப்பது கருவியின் பண்பன்று, நோக்கின் பண்பே என்பது இதனாற் பெறப்படும்.

தமிழிற் காணுமாறு

தமிழில் இசைக்காட்சி திரைப்படத்தின் வழியே வளர்ந்தது. அங்குப் பின்னணிப் பாடலே பெருவழக்கு. குரல் ஒருவருடையது; வாய் மற்றொருவருடையது. கதைமாந்தர் ஒருவர் மற்றொருவரிடம் பாடுவதாகக் காட்சி அமைதலின், காண்போன் பெரும்பாலும் சிறைப்புறத்தான் போன்றவன். தலைவன் சிறைப்புறத்தே நிற்பத் தோழி தலைவியிடம் பேசுவாள்; அப்பேச்சு உண்மையிற் சென்று சேரவேண்டியது மறைந்து நிற்போனிடமே. திரைப்பாடலில் நம் நிலையும் அதுவே.

2011இல் பரவிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ என்னும் காணொளி இம்முறையினின்று வேறுபட்டது. திரைப்படத்திற்கென எழுந்த பாட்டாயினும், ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுவதாக அது அமைந்தது. குரலும் வாயும் ஒருவர்பால் ஒன்றின. பாடுவோன் ஒலிவாங்கிக்குப் பாடுகின்றான். நாமோ அக்கூடத்தில் ஓர் ஓரத்தில் நிற்போர் ஆகின்றோம். ஈண்டும் சிறைப்புறமே, ஆயின் கதைமாந்தர் நீங்கி, பாட்டு உருவாகும் தொழிலே காட்சியாயிற்று. பின்னர், 2021இல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ போன்ற தனிப்பாடல்கள் திரைப்படச் சார்பின்றியே எழுந்தன. பாடுவோர் தம் முகத்தோடு தம் குரலுக்குத் தாமே உரியராய்க் காமிராவின் முன் நிற்கும் இம்மாற்றம் சிறிதன்று. தமிழ்ப்பாட்டில் தன்மைக் கூற்று காட்சிவடிவம் பெறத் தொடங்கியமைக்கு இஃது அடையாளம்.

ஒரு தடையும் விடையும்

இவ்வளவும் கூறியபின், தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு விடை கூறுதல் வேண்டும். காட்சி கற்பனையைக் கட்டுகின்றது என்பார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ என்பதை இயற்றியவர் பிரின்சு என்னும் இசைவாணர். அதனைத் தி ஃபேமிலி என்னும் குழுவினர் 1985இலேயே பதிவுசெய்து வெளியிட்டனர். இன்று அப்பாட்டைக் கேட்போர் மனக்கண்முன் வருவது ஓகானரின் முகமே. இயற்றியவனும் முதற்கண் பாடியோரும் அம்முகத்தின் பின்னே மறைந்தனர். ஓகானர் 2023இல் மறைந்தபோதும், உலகம் அவரை நினைவுகூர்ந்தது பெரும்பாலும் அக்கண்ணீரைக் கொண்டே. பாட்டின் உரிமையை மாற்றிக்கொடுக்கும் ஆற்றல் காமிராவிற்கு உண்டு என்பது இதனால் விளங்கும். பல்வேறு ‘நீ’க்களை ஏற்றற்குரிய பாட்டு, ஒரு முகத்தின் ‘நீ’ ஒன்றற்கே உரியதாகிவிடின், அஃது இழப்பே. அவ்விழப்பை நாம் மறுக்கவில்லை.

ஆயின், உரை எழுந்த செய்யுட்கும் இந்நிலை உண்டு. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் ஒரு பாட்டை இன்னார் கூற்று எனத் துணிந்தபின், அத்துணிபை மறந்து அப்பாட்டைக் கற்றல் நமக்கு எளிதன்று. அதனால் உரையே வேண்டா என்பார் இலர். உரையை உரையென அறிந்து கற்றலே முறை. காணொளியும் பாட்டிற்கு எழுந்த ஓர் உரையே. நல்லுரை நூலின் இருள்நீக்கும், தீயவுரை நூலை மறைக்கும், எவ்வுரையும் நூலாகாது. காட்சியைப் பாட்டென்று மயங்குவோரும், காட்சியைக் காணாதே பாட்டை ஆராய்வோரும் ஒருங்கே வழுவுகின்றனர்.

முடிபு

மேற்கூறியவற்றால் நாம் பெறுவன வருமாறு. காமிரா உத்திகளை அவற்றின் பெயராலும் எண்ணிக்கையாலும் மதிப்பிடுதல் போதாது. அசையாத காமிரா டிலன்பால் ஏய்ப்பாகவும், ஓகானர்பால் உடனிருத்தலாகவும், ஓகே கோவினர்பால் அரங்கின் இருக்கையாகவும் மூவேறு பொருள் தந்தது. ஒரே ஷாட் நெல்சனுக்குத் தனிமையாகவும், மார்ட்டினுக்குக் காதல் மயக்கமாகவும் ஆயிற்று. உத்தி ஒன்றே; கூற்றும் கேட்போரும் வேறாதலின் பொருள் வேறாயிற்று.

எனவே, இசைப்பாடல்களை ஆராயப் புகும் முதுகலை மாணவர்க்கு நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு ஷாட்டிற்கும் நான்கு வினாக்களை எழுப்புக: பாடுபவர் யார்? அவர் யாரிடம் பாடுவதாகக் காமிரா நம்மை நம்பச் செய்கின்றது? எக்களனில்? எக்காலத்தில்? இந்நான்கிற்கும் பாட்டின் சொற்கள் தரும் விடையும் காட்சி தரும் விடையும் ஒன்றாயின், எங்ஙனம் ஒன்றின என ஆராய்க. வேறாயின், அவ்வேறுபாட்டிலேயே ஆய்வு தொடங்குக. கருவிகள் ஆண்டுதோறும் மாறும். இன்று புதியதாய் வியக்கப்படும் உத்தி நாளை எவர் கைபேசியிலும் இருக்கும். யார் யாரிடம் பேசுகின்றார் என்னும் வினாவோ பாட்டு உள்ளவரை மாறாது. அவ்வினாவை நுணுகிக் கேட்கும் பயிற்சி அகப்பொருள் கற்ற தமிழ் மாணவர்க்கு முன்னரே உண்டு. அப்பயிற்சியைத் தம் காலத்துப் பாட்டின்மீதும் அவர்கள் செலுத்துதல் வேண்டும் என்பதே நம் விழைவு.